பூஜை போட்டாச்சு... செல்ஃப் எடுக்கலையே! - புது சரக்கு வண்டி வாங்குவோர் கவனத்துக்கு

ஷோரூம் வாசலில் புத்தம் புது 'குட்டி யானை' நிற்கிறது. முன்னால் மாலை, கண்ணாடியில் சந்தனப் பொட்டு, டயர்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம். வீட்டு நகை அடகுக் கடைக்குப் போய், அது டவுன் பேமென்ட்டாக மாறி, கடைசியில் இந்த வண்டியாக வந்து நிற்கிறது. தேங்காய் உடைத்தாயிற்று. பத்தரை மணிக்குள் நல்ல நேரம் முடிகிறது. சாவியைத் திருப்பினால்... 'டிக்... டிக்... டிக்...' அவ்வளவுதான். வண்டி கிளம்பவில்லை.

குடும்பத்தினர் முகம் வாடிவிடும். "சகுனம் சரியில்லையோ..." என்று யாராவது ஒரு பெரியவர் முணுமுணுப்பார். விற்பனைப் பிரதிநிதி ஓடி வருவார். "ஒண்ணுமில்லை சார், பேட்டரி கொஞ்சம் வீக். ரெண்டு நிமிஷத்துல ஜம்ப் பண்ணிடலாம். அதுக்குள்ள இந்தப் பேப்பர்ல ஒரு கையெழுத்து மட்டும் போட்டுடுங்க..."

அந்த 'ஒரு கையெழுத்து' பற்றித்தான் இந்தக் கட்டுரை. புது வண்டி கிளம்பாமல் நிற்பதற்குப் பெரும்பாலும் சின்னக் காரணம்தான் இருக்கும். அதற்கும் சகுனத்துக்கும் சம்பந்தமில்லை. ஆனால், அந்தச் சின்னக் கோளாறை யார், எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு அக்கறையாகச் சரிசெய்து தருவார்கள் என்பது, நீங்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன்பு ஒரு மாதிரியும் போட்ட பின்பு வேறு மாதிரியும் இருக்கும்.

சொந்த உபயோகத்துக்குக் கார் வாங்குபவர் நான்கு நாள் பொறுத்துக்கொள்ளலாம். சரக்கு வண்டி அப்படியல்ல. மாத டியூ 15,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், வண்டி ஓடினாலும் நின்றாலும் ஒரு நாளைக்கு 500 ரூபாய் போய்க்கொண்டே இருக்கும். வாடகை வருமானம் போவது தனி. அதனால், இந்த விஷயத்தைக் கொஞ்சம் விளக்கமாகவே பார்த்துவிடுவோம்.

புது வண்டி ஏன் கிளம்பாமல் போகிறது?

'புதுசு' என்று நாம் சொல்கிற வண்டி, தொழிற்சாலையை விட்டு நேற்று வந்ததாக இருக்க வேண்டிய அவசியமில்லை. அங்கிருந்து கிளம்பி, டீலரின் யார்டில் வெயிலிலும் மழையிலும் வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் நின்றுவிட்டுத்தான் ஷோரூம் வாசலுக்கு வருகிறது. இடையில், இடம் மாற்றி நிறுத்துவதற்காக மட்டும் ஓரிரு நிமிடம் ஸ்டார்ட் செய்திருப்பார்கள். ஒவ்வொரு முறை செல்ஃப் அடிக்கும்போதும் பேட்டரி கணிசமான சார்ஜை இழக்கும். அதைத் திரும்ப நிரப்ப அந்த ஓரிரு நிமிட ஓட்டம் போதாது. வண்டி சும்மா நிற்கும்போதும் ஈ.சி.யூ., டிஜிட்டல் மீட்டர், டிராக்கிங் கருவி போன்றவை துளித்துளியாக மின்சாரத்தை எடுத்துக்கொண்டே இருக்கும். முடிவு... பூஜை நாளில் பேட்டரி டவுன்!

மின்சார சரக்கு வண்டிகளும் இதற்கு விதிவிலக்கல்ல. அவற்றிலும் பெரிய பேட்டரியோடு 12 வோல்ட் பேட்டரி ஒன்று தனியாக இருக்கும். அது டவுன் ஆனால், பெரிய பேட்டரி முழு சார்ஜில் இருந்தாலும் வண்டி உயிர்பெறாது.

பேட்டரி தவிர வேறு காரணங்களும் உண்டு. தொட்டியில் நாலைந்து லிட்டர் எரிபொருள்கூட இல்லாமல் இருக்கலாம். டீசல் வண்டியில் டேங்க் காய்ந்துபோனால் குழாய்க்குள் காற்று புகுந்துவிடும். அதன்பிறகு டீசல் ஊற்றினால் மட்டும் போதாது, கைப்பம்பு அடித்து ஏர் எடுக்க வேண்டும். பேட்டரி டெர்மினல் சரியாக இறுகாமல் இருக்கலாம். நீண்ட நாள் நிற்கிற வண்டி என்பதால் கழற்றி வைத்த ஃபியூஸை மறுபடி போட மறந்திருக்கலாம். யார்டில் எலி வயரைக் கடித்திருக்கலாம். சாவிக்குள் இருக்கும் சிப்பை வண்டியின் இம்மொபிலைசர் அடையாளம் கண்டுகொள்ளாமல் போயிருக்கலாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இப்போது வருகிற பல வண்டிகளில் கிளட்சை முழுசாக மிதித்தால்தான் செல்ஃப் எடுக்கும். பழைய வண்டி ஓட்டிப் பழகிய கை, சாவியை மட்டும் திருப்பிவிட்டு 'வண்டி ரிப்பேர்' என்று சொல்லிவிடும். புகார் சொல்வதற்கு முன்பு நியூட்ரலில் இருக்கிறதா, கிளட்ச் மிதித்தாயிற்றா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பெரிய டீசல் லாரி வாங்குபவர்களுக்குக் கூடுதலாக ஒன்று. நாடு முழுவதும் 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 மாசு விதிகள் நடைமுறையில் இருக்கின்றன. இதற்காகப் பல லாரிகளில் யூரியா கரைசலுக்கு என்று தனித் தொட்டி வைத்திருக்கிறார்கள். அது காலியானால் முதலில் இழுவை குறையும். சில மாடல்களில், ஒருமுறை ஆஃப் செய்த பிறகு மறுபடி ஸ்டார்ட்டே ஆகாது. டீசல் முள்ளைப் பார்க்கிற மாதிரி இந்த முள்ளையும் பாருங்கள்.

சத்தம் சொல்லும் சேதி

மெக்கானிக் வருவதற்கு முன்பே, வண்டி போடுகிற சத்தத்தை வைத்துப் பாதி விஷயத்தை நாமே தெரிந்துகொள்ளலாம்.

* 'டிக் டிக்' சத்தம் மட்டும் வருகிறது, மீட்டர் விளக்குகள் மங்குகின்றன என்றால், பேட்டரியில் சார்ஜ் இல்லை அல்லது டெர்மினல் லூஸ்.

* விளக்கெல்லாம் பளிச்சென்று எரிகிறது, ஹாரன் கணீரென்று அடிக்கிறது, ஆனால் செல்ஃப் சத்தமே இல்லை என்றால், கிளட்ச் சுவிட்ச், ஃபியூஸ், ரிலே, செல்ஃப் மோட்டார் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

* செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் இன்ஜின் பிடிக்கவில்லை என்றால், எரிபொருள், ஏர் லாக் அல்லது இம்மொபிலைசர் பிரச்னையாக இருக்கலாம். மீட்டரில் சாவி படமோ பூட்டு படமோ மின்னுகிறதா என்று பாருங்கள்.

எதுவாக இருந்தாலும், விடாமல் செல்ஃப் அடிக்காதீர்கள். ஒரு முறைக்குப் பத்து விநாடி போதும். அடுத்த முறைக்கு முன்பு அரை நிமிடமாவது இடைவெளி விடுங்கள். இல்லாவிட்டால், செல்ஃப் மோட்டார் சூடாகி, இருக்கிற பிரச்னையோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும்.

"எல்லாரும் சேர்ந்து தள்ளுங்கப்பா" என்கிற பழைய வைத்தியமும் வேண்டாம். இன்றைய இன்ஜினில் எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டரும் அதை இயக்குகிற கம்ப்யூட்டரும் மின்சாரம் இருந்தால்தான் வேலை செய்யும். பேட்டரி அடியோடு காலியாக இருந்தால், தெருமுனை வரை தள்ளினாலும் பலன் இருக்காது. தவிர, எரியாத எரிபொருள் புகைக்குழாய் வழியாகப் போய், விலை அதிகமான மாசுக்கட்டுப்பாட்டுக் கருவியைக் கெடுக்கவும் வாய்ப்பு உண்டு.

'ஜம்ப் பண்ணினா ஓடிடும் சார்'

ஓடிவிடும், உண்மைதான். வேறு பேட்டரியிலிருந்து கேபிள் போட்டால் வண்டி ஸ்டார்ட் ஆகும், நல்ல நேரத்துக்குள் கேட்டைத் தாண்டலாம். ஆனால், நாளைக் காலை?

வண்டியில் இருப்பது ஈய-அமில பேட்டரி. அது சார்ஜ் இறங்கிய நிலையிலேயே பல நாள் கிடந்தால், உள்ளே இருக்கும் தகடுகளின் மேல் ஈய சல்பேட் படிந்து இறுகிவிடும். அப்படி இறுகிய பகுதி சார்ஜ் போட்டாலும் முழுதாகத் திரும்பாது. வெளியிலிருந்து பார்க்கப் புதுசாகத் தெரிகிற பேட்டரி, உள்ளே பாதி ஆயுளை இழந்திருக்கும்.

இதைக் கண்டுபிடிக்கச் சாதாரண மல்டிமீட்டரே போதும். முழு சார்ஜில், வண்டியை நிறுத்திச் சில மணி நேரம் கழித்துப் பார்த்தால், 12 வோல்ட் பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி சார்ஜ். 12-க்குக் கீழே என்றால் காலி. செல்ஃப் அடிக்கும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரி பலவீனம். இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை காட்டினால், ஆல்டர்னேட்டர் நன்றாக சார்ஜ் ஏற்றுகிறது என்று அர்த்தம். பெரிய லாரிகளில் இரண்டு பேட்டரியை இணைத்து 24 வோல்ட்டாக வைத்திருப்பார்கள். அங்கே ஒவ்வொரு பேட்டரியையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

பேட்டரியின் நிஜ பலத்தை அளக்கிற டெஸ்டர் சர்வீஸ் சென்டரில் இருக்கும். "ஜம்ப் வேண்டாம், பேட்டரியை முழுசா சார்ஜ் போட்டு, டெஸ்ட் பண்ணி, ரிப்போர்ட் கொடுங்க. தேறலைன்னா மாத்திக் கொடுங்க" என்று கேளுங்கள். புது வண்டிக்குப் பணம் கட்டியவர் நல்ல பேட்டரி கேட்பது சலுகை அல்ல, நியாயம்.

பேனாவை மூடி வையுங்கள்

'டெலிவரி நோட்' என்று ஒரு தாள் நீட்டுவார்கள். 'வண்டியை நல்ல நிலையில், எல்லா உதிரிச் சாமான்களோடும் பெற்றுக்கொண்டேன்' என்கிற பொருளில் அதில் அச்சிட்டிருக்கும். கிளம்பாத வண்டிக்கு இந்த வாக்கியத்தின் கீழே கையெழுத்துப் போட்டால், பின்னால் நீங்கள் சொல்கிற குறைக்கு எதிரான முதல் சாட்சி நீங்களாகவே ஆகிவிடுவீர்கள்.

இதில் சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 1930-ம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், பொருளை ஏற்றுக்கொள்வதற்கு முன்பு அதைப் பரிசோதித்துப் பார்க்க, வாங்குபவருக்கு நியாயமான வாய்ப்பு தர வேண்டும் என்கிறது. அதனால், "சரியாகட்டும், அப்புறம் எடுத்துக்கிறேன்" என்று சொல்வது அடாவடி ஆகாது. குரலை உயர்த்தத் தேவையில்லை. மூன்று காரியம் செய்யுங்கள்.

ஒன்று, வண்டி கிளம்பாததை மீட்டரும் சேஸிஸ் நம்பரும் தெரியும்படி போனில் வீடியோ எடுங்கள். இரண்டு, டீலரின் மின்னஞ்சலுக்கோ வாட்ஸ்அப் எண்ணுக்கோ நாலு வரி அனுப்புங்கள். இப்படி எழுதலாம்: 'இன்று காலை இத்தனை மணிக்கு, இந்த சேஸிஸ் நம்பர் வண்டியை எடுக்க வந்தபோது ஸ்டார்ட் ஆகவில்லை. காரணத்தைக் கண்டறிந்து, சரிசெய்து, எழுத்தில் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன். அதுவரை நான் வண்டியை டெலிவரி எடுக்கவில்லை.' மூன்று, எப்போது சரியாகும் என்பதற்குத் தேதி கேளுங்கள்.

வேறு வழியில்லை, அன்றைக்கே வண்டியை எடுத்தாக வேண்டும் என்றால், டெலிவரி நோட்டிலேயே 'வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை, ஜம்ப் செய்து எடுக்கப்பட்டது, பேட்டரி சோதனை பாக்கி' என்று உங்கள் கையால் எழுதி, அதற்குக் கீழே கையெழுத்திட்டு, ஒரு நகல் வாங்கிக்கொள்ளுங்கள்.

ரிஜிஸ்ட்ரேஷனுக்கு முன்பே ஒரு பார்வை

தற்காலிகமாகவாவது பதிவு செய்யாத வண்டியை டீலர் டெலிவரி கொடுக்கக் கூடாது என்பது மத்திய மோட்டார் வாகன விதி. அதனால், பூஜை நாளுக்கு முன்பே வண்டி உங்கள் பெயருக்குப் பதிவாகியிருக்கும். பதிவான பிறகு, "இந்த வண்டி வேண்டாம், வேறு கொடுங்க" என்று கேட்டால் டீலர் தயங்குவார். அதை இன்னொருவருக்குப் புது வண்டியாக விற்க முடியாதே!

ஆகவே, முன்பணம் கட்டியதும், "எங்களுக்கு ஒதுக்கின வண்டியோட சேஸிஸ் நம்பர் என்ன?" என்று கேளுங்கள். பதிவுக்கும் ஃபைனான்ஸ் பணம் டீலர் கைக்குப் போவதற்கும் முன்பு, யார்டுக்கே போய் அந்த வண்டியைப் பாருங்கள். தெரிந்த டிரைவரோ மெக்கானிக்கோ கூட வரட்டும். எந்த மாதம், எந்த வருடம் தயாரானது என்று கேளுங்கள். விற்பனைச் சான்றான படிவம் 21-ல் அந்த விவரம் இருக்கும், டீலர் சொன்னதோடு அது ஒத்துப்போக வேண்டும். இன்ஜின் சூடாக இல்லாதபோது ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் வருவதற்கு முன்பே ஓடவிட்டு சூடேற்றி வைத்திருந்தால், சோதனைக்கு அர்த்தமில்லை. ஸ்டார்ட் ஆனதும், அரை மணி நேரம் கழித்து மறுபடி ஒரு முறை அடித்துப் பாருங்கள். இரண்டு சாவியிலும் ஸ்டார்ட் ஆகிறதா என்றும் பாருங்கள்.

லாரி சேஸிஸ் வாங்கி, நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் பாடி கட்ட விடுபவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. பாடி கட்டுகிற ஷெட்டில் வண்டி மறுபடி பல நாள் நிற்கும், பேட்டரி மறுபடி இறங்கும். அங்கே வெல்டிங் வைப்பதற்கு முன்பு பேட்டரி இணைப்பையும், கம்பெனி கையேடு சொன்னபடி ஈ.சி.யூ. இணைப்பையும் கழற்றச் சொல்லுங்கள். வெல்டிங் மின்சாரம் ஈ.சி.யூ.வைத் தாக்கினால், அது டீலர் தந்த குறையா, ஷெட்டில் வந்த குறையா என்று இரண்டு பக்கமும் கை காட்டுவார்கள். நடுவில் நிற்பது நீங்களாக இருப்பீர்கள்.

திரும்பத் திரும்ப நின்றால்...

வண்டியை எடுத்தாயிற்று, ஒரு வாரத்தில் மறுபடி காலையில் செல்ஃப் எடுக்கவில்லை என்றால், தெருமுனை எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடும் முன்பு கம்பெனியின் சாலையோர உதவி எண்ணுக்கு போன் போடுங்கள். வெளி ஆள் வயரில் கை வைத்தால், அதையே காரணம் காட்டி வாரன்டியை மறுக்க இடம் கிடைத்துவிடும்.

ஒவ்வொரு முறை சர்வீஸ் சென்டருக்குப் போகும்போதும் ஜாப் கார்டு வாங்குங்கள். 'ஜெனரல் செக்கப்' என்று எழுத விடாதீர்கள். 'காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை' என்று நீங்கள் சொன்ன குறையை அப்படியே எழுதச் சொல்லுங்கள். அதே குறைக்கு மூன்று ஜாப் கார்டு கையில் இருந்தால், உங்கள் வார்த்தைக்கு வரும் எடையே தனி. பேட்டரிக்குத் தனி வாரன்டி கார்டு இருக்கும். அதில் தேதியும் டீலர் முத்திரையும் இருக்கட்டும்.

கோபத்தில் மாத டியூவை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். வண்டியின் குறை டீலருக்கும் உங்களுக்கும் நடுவில் உள்ளது. கடன் ஒப்பந்தம் ஃபைனான்ஸ் கம்பெனியோடு தனியாகப் போட்டது. டியூ தவறினால் வண்டியைத் தூக்கிப் போவார்கள், அடுத்த கடனும் கஷ்டமாகிவிடும்.

லாரிக்காரர் நுகர்வோரா?

"வாடகைக்கு ஓட்டுற வண்டிங்க, கன்ஸ்யூமர் கோர்ட்டெல்லாம் உங்களுக்குச் செல்லாது" என்று சிலர் மிரட்டுவதுண்டு. இது முழு உண்மையல்ல. 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வணிக நோக்கத்துக்காக வாங்குபவரை விலக்குகிறது. ஆனால், சுயதொழில் செய்து பிழைப்பதற்காகவே ஒருவர் வாங்கிப் பயன்படுத்தும் பொருளை 'வணிக நோக்கம்' என்று கொள்ளக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது.

பழைய சட்டத்திலும் இதே விளக்கம் இருந்தது. 1995-ல், லட்சுமி எஞ்சினீயரிங் ஒர்க்ஸ் எதிர் பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை எடுத்துக்காட்டுகளோடு தெளிவுபடுத்தியது. பிழைப்புக்காக ஆட்டோவோ லாரியோ வாங்கித் தானே ஓட்டுபவர் நுகர்வோர்தான். உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் அந்த உரிமை போகாது. வண்டியை முழுக்க முழுக்க வேறொருவர் ஓட்டுவதற்காகவே வாங்கினால்தான் சிக்கல். ஆக, ஓனர் கம் டிரைவராக இருப்பவர் தைரியமாகப் புகார் கொடுக்கலாம்.

முதல் படியாக, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைக்கலாம். பல புகார்கள் அங்கேயே பேசித் தீர்ந்துவிடும். தீராவிட்டால், மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. பொருளுக்குக் கொடுத்த பணம் 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் அங்கே போகலாம். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400 ரூபாய், 50 லட்சம் வரை 1,000 ரூபாய்தான் கட்டணம். டீலர் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். வக்கீல் கட்டாயமில்லை. ஆன்லைனிலும் பதியலாம். பிரச்னை எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் செய்ய வேண்டும். டீலர், தயாரிப்பாளர் இருவரையும் எதிர்த்தரப்பாகச் சேர்ப்பது நல்லது.

ஒரு விஷயத்தில் எதிர்பார்ப்பை அளவாக வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை பேட்டரி டவுன் ஆனதற்காகப் புது வண்டியே கிடைத்துவிடாது. 2006-ல் ஒரு கார் வழக்கில், வாரன்டிப்படி குறையுள்ள பாகத்தை மாற்றித் தருவதுதான் கம்பெனியின் பொறுப்பு, மொத்த வண்டியையும் மாற்ற உத்தரவிட முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உற்பத்தியிலேயே குறை என்று நிரூபிக்க, பெரும்பாலும் நிபுணர் சோதனை தேவைப்படும். அங்கேதான் உங்கள் வீடியோ, நாலு வரி மின்னஞ்சல், ஜாப் கார்டுகள் எல்லாம் கை கொடுக்கும்.

பூஜைக்கு ஒரு நாள், பார்வைக்கு ஒரு நாள்

டீலர்கள் எல்லாருமே ஏமாற்றுபவர்கள் அல்லர். பேட்டரியை மறுபேச்சில்லாமல் மாற்றித் தருபவர்களும் இருக்கிறார்கள். பிரச்னை பெரும்பாலும் அவசரத்தில் வருகிறது. நல்ல நேரம் முடிகிறது, குடும்பமே வேன் பிடித்து வந்திருக்கிறது, கோயிலில் காத்திருக்கிறார்கள். அந்த நெருக்கடியில் யாராக இருந்தாலும் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள்.

அதனால், வண்டியைப் பரிசோதிக்கிற நாளையும் பூஜை போடுகிற நாளையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள், மாலையும் தேங்காயும் இல்லாமல், மெக்கானிக்கோடு போய் ஆற அமரப் பாருங்கள். குறை இருந்தால், அன்று எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். அது சரியானபின் பூஜைக்கு நாள் குறியுங்கள். பத்து வருடம் சோறு போடப்போகிற வண்டிக்காக இரண்டு நாள் காத்திருப்பதில் தப்பேயில்லை. வண்டி முதல் சாவிக்கே சீறிக் கிளம்பினால், அதைவிட நல்ல சகுனம் வேறென்ன வேண்டும்?